குணவதி அக்கா திரும்பும் நேரம்

கையை மடியில் வை. மவுஸ் பக்கமே போகாதே. விரல் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து, இன்னொரு பதினோரு நிமிடம் இந்த முக்காலியில் உட்கார உன் இடுப்புக்குத் தெம்பு கிடையாது சாருமதி. மணி மூன்று இருபத்திரண்டு. எதிர்ச்சுவர்க் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்று முப்பத்துமூன்றுக்குக் குணவதி அக்கா திரும்ப வேண்டும். திரும்புவாரா? திரும்புவார், எட்வின் சொன்னான், ஒரு பிட்கூடப் போகவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று போனில் எத்தனை தடவை சொன்னான். எட்வின் சொன்னான், எட்வின் சொன்னான், இதைச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். திரையில் சின்னமலை பஸ் நிறுத்தம். இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துச் சின்னமலை, மெட்ரோ தூண் குறுக்கே வராத வானம். கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிய ஒரு பெண், கையில் டிபன் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், அவர்தான் குணவதி அக்கா. இளநீர் வண்டியைச் சொடுக்கினால் வண்டிக்காரர் ஒரு காயைச் சீவுவார், சுவரைச் சொடுக்கினால் போஸ்டர் கிழியும், வானத்தைச் சொடுக்கினால் மழை. எதைத் தொட்டாலும் ஏதாவது நடக்கும், அவர் மட்டும் அசையமாட்டார். எதையும் தொடாமல் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவராகத் திரும்பி நம்மைப் பார்ப்பார். ஒன்பது விநாடி பார்ப்பார். அப்புறம் பஸ் வரும், ஏறிப் போய்விடுவார். 'நிறுத்தம்' என்று பெயர். படம் என்னுடையது, அதை ஓட வைத்த நிரல் எட்வின் எழுதியது, ஊரார் அதை டிஜிட்டல் கலை என்றார்கள், என் அப்பா அதைக் கம்ப்யூட்டர் கேம் என்றார். என் ஐம்பத்தோரு வயதில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான், மிச்ச நாளெல்லாம் கல்லூரியில் பிள்ளைகளுக்கு லோகோ வரையச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து மணிக்கு விழா. அதற்குள் இப்போது இங்கே வேலை பார்க்கிற எட்வின் ஒரு படிவத்தைக் கொண்டுவருவான், இதுதான் என் படைப்பு, கொஞ்சமும் மாறவில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இந்த மின்கலைக் காப்பகம் இருக்கிறவரை 'நிறுத்தம்' இருக்கும். போடாவிட்டால் எடுத்துவிடுவார்கள், என்னிடம் வேறு பிரதி இல்லை. பீரோவில் துணிக்கு நடுவே பத்திரமாக வைத்த இரண்டு சிடியிலும் பூஞ்சை ஏறி வெள்ளிப்பூச்சு உரிந்து கையோடு வந்துவிட்டது. அதனால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒழுங்காகத் திரும்பினால் போடுவேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் ஆட்டோ நின்றபோது குணவதி அக்கா செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ், அதில் முழுக்க அவர் முகம், அடியில் கொட்டை எழுத்தில் 'இவர் மறைந்துகொண்டிருக்கிறார்'. இந்த ஊரில் ஒரு முகத்தை அவ்வளவு பெரிதாக அடித்து வாசலில் கட்டினால் ஒன்று பிறந்தநாள், இல்லை மஞ்சள் நீராட்டு, இல்லை கண்ணீர் அஞ்சலி. எங்கே செத்தார், யார் சொல்லி இங்கே கட்டினார்கள், மாலை வாங்கிவரவில்லையே என்று கிறுக்குத்தனமாக யோசனை ஓடுகிறது. ஆட்டோக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு "யாரும்மா, சொந்தமா?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன் என்று இப்போதுவரை தெரியவில்லை. பக்கத்தில் போன பிறகுதான் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. டிஜிட்டல் கலை ஒவ்வொரு நாளும் அழிகிறது, காப்பது உங்கள் கையில், விழிப்புணர்வு வாரம், அனைவரும் வருக. செத்தது யாருமில்லை. பெருமூச்சு விட்டேன், விட்ட மூச்சு முடிவதற்குள் உறைத்தது. அந்த முகம். அது பதினோராவது நிமிடத்து முகம். இடது கன்னத்து அம்மைத்தழும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு பெரிதாக்கியிருக்கிறார்கள். உள்ளே வந்தால் தூணில் அவர், படிக்கட்டுத் திருப்பத்தில் அவர், லிஃப்ட் கதவு இரண்டாகப் பிளக்கும்போது அவர் மூக்கு இரண்டாகப் பிளக்கிறது. துணிப்பையில் அவர். வேலை செய்கிறவர்களின் கழுத்துப் பட்டையில் அவர். முகத்தை மட்டும் வெட்டியெடுத்த ஆளுயர அட்டை ஒன்றும் இருக்கிறது, அதன் ஓட்டையில் நம் முகத்தை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாத்தா நுழைத்திருந்தார், அவர் மருமகள் "சிரிங்க மாமா" என்றாள். நான் படியேறி வந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்கூட உடனே வரவில்லை, நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்த ஆளே வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு நிற்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

மூன்று இருபத்தைந்து. மூன்று நிமிடம் தாண்டிவிட்டது, நல்லவேளை. முதல் தடவை உட்கார்ந்தபோது இந்த இடத்தில்தான் போனது. ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், சட்டென்று திரை வெளுத்து 'வருக, திரையைத் தொடங்கச் சொடுக்கவும்' என்று வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா, தேவகி என்று பட்டையில் போட்டிருந்தது, ஓடிவந்தார். "மேடம், சும்மா உக்காரக்கூடாது. மவுஸ ஆட்டிக்கினே இருக்கணும். மூணு நிமிசம் ஆட்டலன்னா அதுவே முதல்லேர்ந்து வந்துடும், அடுத்த ஆளு பாக்கறதுக்கு." யார் சொன்னது என்றேன். "எல்லா மிஷினும் அப்பிடித்தான் மேடம். நான்கூட ஆளு இல்லாதப்ப அப்பப்ப வந்து ஆட்டி வுட்டுட்டுப் போவேன், இல்லன்னா வெள்ளையா நிக்கும், பாக்க நல்லா இருக்காது." நாலு நாளாக அந்த அம்மா பொறுப்பாக வந்து வந்து ஆட்டிவிட்டிருக்கிறார். நாலு நாளாக ஒருவர்கூட மூன்றாவது நிமிடத்தைத் தாண்டியிருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த அம்மா பயந்துபோனார். ஊரெல்லாம் முகம், அந்த முகம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் வராது. காப்பகத்தில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், எல்லாரும் படித்தவர்கள், பழைய கணினிகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று வெளிநாடு போய்க் கற்றுவந்தவர்கள், கண்காட்சிக்கு வைக்கிற எல்லா இயந்திரத்துக்கும் ஒரே விதி போட்டிருக்கிறார்கள், சும்மா இருந்தால் திருப்பிவிடு. சும்மா இருப்பதுதான் இங்கே வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்வினுக்குமா தோன்றவில்லை? நான்தான் இதைச் செய்தவள் என்று தேவகியிடம் சொன்னேன், அவர் நம்பினாரா தெரியாது, கீழே கணினி அறைக்குப் போன் போட்டுக் கொடுத்தார், அங்கிருந்த ஆள் "ஒரு தடவைக்குத்தான் மேடம்" என்று முனகிக்கொண்டே அந்த விதியை நிறுத்தினார். இப்போது தேவகி பின்னால் நிற்கிறார். என்னதான் நடக்கப்போகிறது என்று பார்க்க நிற்கிறார் என்று நினைக்கிறேன், கேட்டால் இல்லை என்பார்.

திரையில் ஒரு பஸ் நிற்காமல் போகிறது. முந்நூற்று நாற்பது படம் எடுத்தோம், எட்வினின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா, இருபது படத்துக்கு ஒருமுறை பேட்டரி செத்துவிடும். குணவதி அக்கா கிண்டியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிற வேலை. தினமும் அதே இடம், அதே நேரம். முதல் இரண்டு நாள் நாங்கள் திருட்டுத்தனமாகத்தான் எடுத்தோம், மூன்றாம் நாள் திரும்பாமலே "எம்மாடி, முதுகு வலிக்குது, சீக்கிரம் எடுத்து முடி" என்றார். அப்படித்தான் பழக்கம். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் பதில் சொல்வார், திரும்பமட்டும் மாட்டார். எனக்குத் திரும்புகிற படம் ஒன்று வேண்டும், கெஞ்சுகிறேன், கடைசி நாள்தான் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது, ஞாபகம் இல்லை என்று நடித்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "பஸ் ஸ்டாப்புல நிக்கிற பொம்பளைய ஊரே பாக்குதும்மா. பாக்கும், பூடும். நான் தினம் எம்மாம் நேரம் நிக்கிறனோ அம்மாம் நேரம் அவனும் நிக்கட்டும். நின்னா பாத்துக்கட்டும். சும்மா போறவனுக்கெல்லாம் என் மூஞ்சியக் காட்டாத, ஆமா." சத்தியமாக்கா என்றேன். என் தலையில் நானே கையை வைத்துச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் திரும்பினார், எடுத்தோம். எம்மாம் நேரம் நிற்கிறார் என்பதற்கு எட்வின் ஆறு நாள் கைக்கடிகாரத்தோடு நின்றான். ஒன்பது, பதினாலு, ஏழு, பதினாறு, பன்னிரண்டு, எட்டு. கூட்டி ஆறால் வகுத்தால் பதினொன்று. சத்தியம் செய்தது நான், அதற்குக் கணக்குப் போட்டது எட்வின். அப்போது கண்காட்சி ஒன்பது நாள் நடந்தது, நூற்றுக்கணக்கில் வந்தார்கள், அவர் திரும்பியதைப் பார்த்தது நாலே பேர். கால் வலிக்கிறதென்று உட்கார்ந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி, டிபன் சாப்பிட உட்கார்ந்த எலெக்ட்ரீஷியன், தூங்கி விழித்த பத்திரிகைக்காரர், பெயர் தெரியாத ஒருவர். அந்தப் பிள்ளைத்தாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைப் பார்த்தாங்க" என்றாள். எனக்கு இன்றைக்கும் அது போதும். குணவதி அக்காவும் ஒரு நாள் சாயங்காலம் வந்தார், மூன்று நிமிடம் தன் முதுகைப் பார்த்தார், "சரி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தேடவும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று இருபத்தெட்டு. ஆறு ஆகிவிட்டது. எட்வினைத் திட்ட வேண்டும் என்றால் முதலில் அவன் செய்ததைச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். ஏழு மாதம் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். 'நிறுத்தம்' ஓடுகிற மென்பொருளை உலகமே கைகழுவி வருடக்கணக்காகிறது, இப்போதைய எந்தக் கணினியிலும் அது திறக்காது. பழைய கணினிபோல நடிக்கிற ஒன்றைப் புதுக் கணினிக்குள் உருவாக்கி, அதற்குள் இதை ஓடவிட்டார்கள். முதல் தடவை ஓட்டியபோது பஸ்ஸெல்லாம் பறந்ததாம், இன்றைய இயந்திரத்தின் வேகத்துக்குப் பதினோரு நிமிடம் நாலு விநாடியில் முடிந்து குணவதி அக்கா பம்பரமாகச் சுற்றினாராம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு விநாடியாக அவன் அதை நிதானத்துக்குக் கொண்டுவந்தான், இளநீர்க்காரர் அரிவாளை ஓங்குகிற வேகம் சரியா என்று எனக்குக் காட்டிக் காட்டிக் கேட்டான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன். அந்த முகத்தை எடுத்து வாசலில் கட்ட அவனுக்கு எப்படிக் கை வந்தது? யாரோ ஒரு விளம்பரக்காரன் செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவன் அந்த நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றவன். அவர் சொன்னதைக் காதால் கேட்டவன். ஆறு நாள் கடிகாரத்தைப் பார்த்தவன். தெரியாமல் செய்தான் என்று சொல்ல எனக்கு வழியே வைக்கவில்லை பாவி. வழி இருக்கிறது, அதைத்தான் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். மே மாதம். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை, வாயில் பஞ்சு, போனில் எட்வின் அனுப்பிய ஒப்புதல் தாள், பதினான்கு பக்கம். விழிப்புணர்வுப் பணிகளுக்குப் படைப்பிலுள்ள எந்தப் படத்தையும் பயன்படுத்தலாம், சம்மதம் என்றால் கட்டத்தைத் தொடவும். தொட்டேன். படிக்காமல் தொட்டேன் என்று அவனிடம் சொல்லலாம். படித்தேன். எந்தப் படத்தையும் என்றால் அதையுமா என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதைப் பஞ்சோடு சேர்த்து ஒதுக்கிவிட்டேன். ஊர் அறியட்டுமே, இருபத்திரண்டு வருடம் கழித்து என் பெயரை நாலு பேர் சொல்லட்டுமே என்று அல்ப ஆசை. ஆனால் முதுகைப் போடுவான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய ஃபிளெக்ஸ் வேண்டுமானாலும் போட்டுக்கொள், முதுகைப் போடு. எட்வின் முதுகைத்தான் போடுவான் என்று நான் அவ்வளவு நம்பியிருந்தேன், அதனால்தான் கேட்கவேயில்லை.

"எக்ஸ்க்யூஸ் மீ, நீங்க யூஸ் பண்றீங்களா?" யாரோ ஒருவர், நாற்பது வயது இருக்கும், தோளில் குணவதி அக்கா முகம் போட்ட துணிப்பை, கை மவுஸை நோக்கி நீள்கிறது. "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்றார், நியாயம்தான். தேவகி குறுக்கே வந்து "சார், இவங்க ஏதோ டெஸ்ட் பண்றாங்க, அஞ்சு நிமிசம்" என்கிறார், நல்ல அம்மா, கையைக் கட்டிக்கொண்டு மவுஸுக்குக் காவலாக நிற்கிறார் இப்போது. மூன்று முப்பது. இடுப்பு விண்விண்ணென்கிறது. குளிரூட்டி நேரே பிடரியில் அடிக்கிறது. அவர் திரும்பாமல் போய்விட்டால்? எட்வின் பொய் சொல்லியிருந்தால், அந்தக் கோப்பு எப்போதோ கெட்டுப்போய், யார் பதினோரு நிமிடம் உட்காரப்போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தால்? அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கிறது, அப்போது அவன் கழுத்தைப் பிடிக்கலாம், படிவத்தைக் கிழித்துப் போடலாம், துரோகி என்று கூப்பிடலாம், நான் மட்டும் யோக்கியமாக வெளியே போய் ஆட்டோ பிடிக்கலாம். சீ. உன் ஆசையைப் பார். திரும்பிவிட்டால்தான் எனக்குப் பயம் என்று புரிகிறது. இருபத்திரண்டு வருடமாக நான் இதைப் பார்க்கவில்லை. அவர் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே, வாசலில் பார்த்தது கணக்கில்லை, அது யாரையும் பார்க்கவில்லை, மாநகரப் பஸ்ஸையும் எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே திரும்பினால் காத்திருந்தவளைப் பார்ப்பார். காத்திருந்தவள் நான்.

முப்பத்திரண்டு. திரையில் வெயில் ஒரு சாண் நகர்கிறது, மறந்தே போயிருந்தேன், பத்தாவது நிமிடத்தில் நிழல் நகரும், எட்வின் யோசனை அது. டிபன் பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறுகிறது. தேவகி பின்னால் "ஐயே" என்றார், மெதுவாக. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், யாரோ என்னைத்தான் படம் எடுக்கப்போவதுபோல. இளநீர்க்காரர் உறைகிறார். தெருச் சத்தம் தேய்கிறது. திரும்புகிறார். கழுத்து முதலில், பிறகு தோள், கடைசியாகக் கண். ஒரு குறையில்லை, ஒரு துளி சிதறல் இல்லை, சிரிப்பு அடங்கிய அந்த வாயோரம், தழும்பு, மூக்குத்தியில் வெயில், எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே. எட்வின் சொன்னான், எட்வின் பொய் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கண் நிறையப் போகிறது என்று காத்திருக்கிறேன், நிறையவில்லை. நான்கு, ஐந்து. பின்னால் துணிப்பைக்காரர் குரல், "அட, இது வாசல்ல பேனர்ல இருக்கிற பொம்பளைதானே? இதுக்கா இவ்ளோ நேரம்?" நகர்ந்துபோகிற செருப்புச் சத்தம். ஆறு, ஏழு. குணவதி அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்த ஆள் போன பிறகும். எட்டு. எனக்கும் அதேதான் தோன்றியது என்பதை நான் யாரிடமும் சொல்லமுடியாது. முதல் நினைப்பு அதுதான், வாசலில் பார்த்த முகம். அந்தப் பிள்ளைத்தாச்சி பார்த்ததை இனி யாரும் பார்க்கமுடியாது, நானும் முடியாது. ஒன்பது. பஸ் வந்துவிட்டது.

"திரும்பினாங்களா?" எட்வின். மூச்சு வாங்க நிற்கிறான், ஜிப்பாப் பையில் விருந்தினர் பட்டியல், கையில் படிவம். கணினி அறை ஆள் சொல்லி ஓடிவந்திருக்கிறான். கண் கலங்கியிருக்கிறது, அதுதான் கொடுமை. "மூணு நிமிஷ ரீசெட்டை நான் கவனிக்கவே இல்ல சாரு, சத்தியமா. இப்பதான் சொன்னாங்க. நாளைலேர்ந்து சரி பண்ணிடறேன். திரும்பினாங்களா, சொல்லு." திரும்பினாங்க என்றேன். "ஒரு பிட்?" போகல என்றேன். அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான், சின்னப்பிள்ளை மாதிரி. "வாசல்ல எதுக்குடா மாட்டின?" என்றேன். கையை எடுத்துவிட்டான். "போன வருஷம் வெறும் எழுத்துப் போட்டோம், எண்பது பேர் வந்தாங்க. இந்த வருஷம் நாலு நாள்ல நாலாயிரம் பேர். அந்த ஒரு முகத்துக்காக வந்தாங்க. டிஜிட்டல் கலைன்னு ஒண்ணு இருக்கு, அது அழியுது, அதைப் பாத்துக்கணும்னு நாலாயிரம் பேருக்குத் தெரிஞ்சிருக்கு சாரு, சும்மா இல்ல. நீயும்தானே டிக் பண்ணின?" டிக் பண்ணினேன்தான் என்றேன். "நாம அவங்ககிட்ட சொன்னது?" அவன் திரையைப் பார்த்தான், அங்கே மறுபடி முதுகு. "அவங்களுக்கு எப்படிடா தெரியப்போகுது? எங்க இருக்காங்களோ. இருக்காங்களோ இல்லியோ." பழக்கதோஷத்தில் கல்லூரி நாளில்போல என்னையும் டா போட்டுப் பேசினான், அன்பாகத்தான் சொன்னான். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. மே மாதம் அந்தக் கட்டத்தைத் தொட்டபோது என் தலைக்குள் ஓடியதும் அதுதான், அப்படியே, ஒரு சொல் மாறாமல். அதனால் அவனை அறையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறோம், அவன் எனக்குச் செய்தது அதற்குப் பிறகுதான் வருகிறது.

படிவத்தை வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக்கு மேலே ஒரு வெற்றுக் கட்டம், படைப்பாளியின் நிபந்தனைகள். இதில் எழுதியதைக் காப்பகம் எக்காலத்தும் மீறக்கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. "இது நான் போராடி வாங்கின விதி" என்றான் எட்வின், பெருமையாக, "டைரக்டரே வந்தாலும் மாத்தமுடியாது. ரீசெட் கூடாதுன்னு எழுதிடு." பேனா வாங்கினேன். வாசலில் கட்டியதை இன்றைக்கே இறக்கச் சொல்லலாம், இறக்குவான், நாலாயிரம் போனில் இருப்பதை யார் இறக்குவது? முகம் போய்விட்டது. அது இனி அவருடையது இல்லை. ஆனால் திரும்புவது அவருடையது, அவராக மனசு வந்து செய்தது, அதையாவது ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு முன்னால் தினமும் செய்துகாட்ட வைக்கக்கூடாது. எழுதினேன். ரீசெட் கூடாது. பதினோராவது நிமிடத்தில் பெண் திரும்பும் பகுதியை நீக்கிவிட வேண்டும். அந்த ஒன்பது விநாடியின் கோப்பை அழித்துவிட வேண்டும், பிரதி வைக்கக்கூடாது. பஸ் வந்ததும் அவர் திரும்பாமலே ஏறிப் போவார். எட்வின் தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தான், மூன்றாவது வரியில் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "சாரு. பைத்தியமா உனக்கு? படைப்பே அதுதான்." ஆமாம் என்றேன். "நின்னு பாக்கிறவனுக்குக் காட்டச் சொன்னாங்கதானே? நாளைக்கு ஒருத்தன் வருவான், பேனர் பாக்காதவன், பதினோரு நிமிஷம் நிப்பான். அவனுக்கு என்ன பதில்?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, நியாயம் இருந்ததால் இன்னும் வலித்தது. "அவனுக்கும் இல்லை" என்றேன். கையை விடுவித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன், படிவத்தை அவன் கையில் வைத்தேன். "நீ எழுதின நிரல்தானே எட்வின். வேற யார்கிட்டயும் கொடுக்காத. நீயே அழி." கீழே ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறார்கள், சிறப்பு விருந்தினர் வந்தாயிற்று என்று யாரோ எட்வினைத் தேடிப் படியேறி வருகிறார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படிவத்தை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்றான். நான் எழுந்து முக்காலியை அவனுக்கு விட்டேன். "உக்காரு" என்றேன்.